எடையின் கணக்கில் எத்தனை மரணம்?

இந்தியாவில் ஒருவர் இறந்தால், பிறப்பு இறப்புப் பதிவாளர் அலுவலகத்தில் ‘படிவம் 2’ நிரப்ப வேண்டும். பெயர், வயது, தொழில், இறந்த இடம் எல்லாம் எழுதி முடித்த பிறகு அந்தப் படிவம் சற்றே அந்தரங்கமான நான்கு கேள்விகளைக் கேட்கும். இறந்தவருக்குப் புகைப்பழக்கம் உண்டா, எத்தனை ஆண்டுகளாக? புகையிலை மெல்லுவாரா? பாக்கு, பான் மசாலா போடுவாரா? மது அருந்துவாரா? துக்க வீட்டிலிருந்து வந்த மைத்துனரோ அண்ணன் மகனோ தயங்கித் தயங்கிப் பதில் சொல்வார். இறந்தவர் எவ்வளவு எடை இருந்தார் என்று யாரும் கேட்பதில்லை.

மருத்துவமனையில் உயிர் போனால் டாக்டர் தருகிற ‘படிவம் 4’ இன்னும் கறாரானது. முதல் பகுதியில் உயிரைப் பறித்த உடனடிக் காரணம், அதற்குக் காரணமான நோய், அதற்கும் அடியில் கிடந்த மூல நோய் என்று படிப்படியாகக் கீழிறங்க வேண்டும். இரண்டாம் பகுதியில், துணைபோன பிற நோய்களைக் குறிக்கலாம். 52 வயதில் மாரடைப்பில் போன ஒரு மளிகைக் கடைக்காரரை நினைத்துக்கொள்வோம். முதல் வரியில் இதய அதிர்ச்சி, இரண்டாம் வரியில் மாரடைப்பு, மூன்றாம் வரியில் இதயத் தமனி நோய். துணைக் காரணங்களில் சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும். எழுதியதில் ஒன்றும் தவறில்லை. ஆனால் இருபது ஆண்டுகளாகக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வளர்த்த தொப்பைக்கு அந்தத் தாளில் இடம் கிடைக்கவில்லை.

இப்படி மருத்துவர் காரணம் எழுதிக் கொடுக்கும் மரணங்களே நாட்டில் குறைவு. 2020-இல் பதிவான இறப்புகளில் 22.5 விழுக்காட்டுக்குத்தான் மருத்துவச் சான்று இருந்தது. மற்றவர்களெல்லாம் எதனால் போனார்கள் என்பதற்கு அரசுத் தாளில் மருத்துவரின் சாட்சியம் கிடையாது.

ஆனாலும் உடல் பருமனால் ஆண்டுக்கு இத்தனை லட்சம் பேர் இறக்கிறார்கள் என்ற செய்தி ஆண்டு தவறாமல் வருகிறது. கூடுதல் எடையால் 2015-இல் உலகம் முழுவதும் 40 லட்சம் பேர் இறந்ததாக உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வு கணித்தது. 2021-க்கு உலக சுகாதார நிறுவனம் தரும் எண் 37 லட்சம். சான்றிதழில் பெரும்பாலும் எழுதப்படாத ஒரு காரணத்தை, எந்த விரலை மடக்கி எண்ணுகிறார்கள்?

எண்ணுவதன் சூட்சுமம்

இந்த எண்கள் எண்ணிப் பெற்றவை அல்ல, கணக்குப் போட்டுப் பெற்றவை. கணக்கு சிக்கலானதும் இல்லை. ஓர் ஊரில் 1,000 பேர். அவர்களில் 400 பேர் கூடுதல் எடை கொண்டவர்கள். பத்து ஆண்டுகளில் சராசரி எடைக்காரர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் இறக்கிறார்கள், கூடுதல் எடைக்காரர்களில் நூற்றுக்கு இருபது பேர் இறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 600 பேரில் 60, 400 பேரில் 80, ஆக 140 மரணங்கள். எல்லோருமே சராசரி எடையில் இருந்திருந்தால் 100 பேர்தான் இறந்திருப்பார்கள். மிச்சமுள்ள 40 மரணங்களையும் எடையின் பற்றில் எழுதிவிடலாம். மொத்த மரணத்தில் அது ஏறத்தாழ 29 விழுக்காடு.

இவை விளக்கத்துக்காகச் சொன்ன கற்பனை எண்கள். உண்மையான கணக்கும் இதே அச்சில்தான் வார்க்கப்படுகிறது. அதற்கு மூன்று சரக்குகள் வேண்டும்: எத்தனை பேருக்குக் கூடுதல் எடை, அதனால் ஆபத்து எத்தனை மடங்கு, நாட்டில் மொத்தம் எத்தனை மரணம். இவற்றில் ஒன்றைக் கொஞ்சம் அசைத்தாலும் விடை லட்சக்கணக்கில் மாறும். அமெரிக்கா இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது.

ஒரே நிறுவனம், இரண்டு விடைகள்

2004 மார்ச்சில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் அந்த நாட்டு அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்த அலி மொக்தாத் குழுவினர். மையத்தின் தலைவர் ஜூலி கெர்பர்டிங்கும் அவர்களில் ஒருவர். 2000-ஆம் ஆண்டில் தவறான உணவாலும் உடலுழைப்பின்மையாலும் 4 லட்சம் அமெரிக்கர்கள் இறந்தார்கள் என்றது கட்டுரை. புகையிலையின் கணக்கு 4,35,000. சிகரெட்டைத் தொப்பை முந்தப்போகிறது என்று பத்திரிகைகள் அலறின. அடுத்த ஜனவரியில் கணக்கில் பிழை இருந்ததாக ஒப்புக்கொண்டு, 4 லட்சத்தை 3,65,000 என்று திருத்தினார்கள்.

அது சிறு சறுக்கல். பெரிய அடி 2005 ஏப்ரலில், அதே மையத்தின் இன்னொரு பிரிவிலிருந்து, அதே இதழில் விழுந்தது. தேசிய சுகாதாரப் புள்ளியியல் மையத்தின் கேத்ரின் ஃபிளீகலும் சக ஆய்வாளர்களும் புதிய தரவுகளைக் கொண்டு கணக்கைத் திரும்பப் போட்டார்கள். பருமனால் நேர்ந்த கூடுதல் மரணம் 1,11,909 என்று வந்தது. அதைவிட வியப்பு, பருமன் என்னும் அளவுக்குப் போகாமல் சற்றே எடை கூடியிருந்தவர்கள் பற்றியது. அந்தப் பிரிவில் எதிர்பார்த்ததைவிட 86,094 மரணங்கள் குறைவு! கொஞ்சம் பூசினாற்போல் இருப்பவர்கள் நீடித்து வாழ்கிறார்கள் என்ற பொருள் வந்துவிட்டது. 2013-இல் 97 ஆய்வுகளைத் திரட்டி ஃபிளீகல் மறுபடி பார்த்தபோதும் அதே போக்குதான் தெரிந்தது. ஹார்வர்டின் வால்டர் வில்லெட் அந்தக் கட்டுரையைக் குப்பை என்றே ஒதுக்கினார்.

வில்லெட் தரப்பின் வாதத்தில் சரக்கு இருந்தது. புற்றுநோயோ நுரையீரல் நோயோ உள்ளே அரிக்கத் தொடங்கியவருக்கு, இறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே எடை இறங்கிவிடும். புகைபிடிப்பவர்கள் பெரும்பாலும் ஒல்லியாக இருப்பார்கள், சீக்கிரம் இறப்பார்கள். இவர்களெல்லாம் ‘சராசரி எடை’ வரிசையில் நின்றால் அந்த வரிசையின் மரணம் கூடும். பக்கத்து வரிசையில் நிற்கும் தொப்பைக்காரர் ஒப்பீட்டில் ஆரோக்கியசாலியாகத் தெரிவார்.

இதைச் சரிசெய்ய 2016-இல் ஒரு பெரிய முயற்சி நடந்தது. நான்கு கண்டங்களின் 239 ஆய்வுகளிலிருந்து 1 கோடியே 6 லட்சம் பேரின் விவரங்களைத் திரட்டி, புகைபிடித்தவர்களையும் ஏற்கெனவே நோயுற்றவர்களையும் நீக்கி, முதல் ஐந்து ஆண்டுகளில் இறந்தவர்களையும் ஒதுக்கினார்கள். எஞ்சிய ஏறத்தாழ 40 லட்சம் பேரிடம் ‘பூசினாற்போல் இருந்தால் நல்லது’ என்ற கதை நிற்கவில்லை. உடல் நிறைக் குறியீடு, அதாவது பி.எம்.ஐ., 20 முதல் 25 வரை இருந்தவர்களுக்கே மரணம் மிகக் குறைவு. 30-ஐத் தாண்டியவர்களுக்கு ஆபத்து 45 விழுக்காடு கூடுதல், 35-ஐத் தாண்டினால் ஏறக்குறைய இரட்டிப்பு. இந்த ஆபத்து உண்மையிலேயே எடையால்தான் வருகிறது என்றால், வட அமெரிக்காவில் அகால மரணங்களில் 19 விழுக்காட்டையும், ஐரோப்பாவில் 14 விழுக்காட்டையும் தவிர்க்கலாம் என்பது அவர்கள் கணக்கு. கிழக்கு ஆசியாவுக்கு வந்த விடை 5 விழுக்காடு.

இந்தியாவுக்கு?

சென்னையின் ஐந்து லட்சம் பேர்

இந்தக் கேள்விக்கு இந்திய மண்ணில் நடந்த மிகப் பெரிய ஆய்வுகளில் ஒன்று சென்னையுடையது. டாக்டர் வி. கஜலட்சுமியின் குழு, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பீட்டோ முதலியவர்களோடு சேர்ந்து அதை நடத்தியது. 1998 முதல் 2001 வரை நகரத்தில் 35 வயதும் அதற்கு மேலும் உள்ள 5,00,810 பேரைச் சேர்த்தார்கள். உயரம், எடை, ரத்த அழுத்தம், புகை, மது எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்கள். பிறகு 2015 மார்ச் வரை, அவர்களில் யார் யார் எதனால் இறந்தார்கள் என்பதை இறப்புப் பதிவேடுகளோடு பொருத்திப் பார்த்தும் வீடு வீடாகப் போய் விசாரித்தும் அறிந்தார்கள். 2018-இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் முடிவு வெளியானது.

முடிவு ஒரு புதிர். ரத்த அழுத்தம் ஏற ஏற, இதய நோயால் இறப்பது ஏறியது. எதிர்பார்த்ததுதான். பி.எம்.ஐ. கூடியவர்களுக்கு ரத்த அழுத்தமும் கூடியிருந்தது. அதுவும் எதிர்பார்த்ததே. ஆனால் பி.எம்.ஐ.க்கும் இதய நோய் மரணத்துக்கும், பக்கவாத மரணத்துக்கும் குறிப்பிடும்படியான தொடர்பு இல்லை. தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே ஜாடை, அப்பாவுக்கும் பேரனுக்கும் ஒரே ஜாடை, தாத்தாவுக்கும் பேரனுக்கும் மட்டும் ஒட்டவில்லை என்பது போன்ற விசித்திரம். மரணத்தோடு வலுவாக ஒட்டியிருந்தது மெலிவு. எலும்பும் தோலுமாக இருந்தவர்கள் காசநோயாலும் மூச்சுக்குழல் நோய்களாலும் அதிகம் இறந்தார்கள்.

இது சென்னையில் மட்டும் தோன்றிய மாயம் அல்ல. 2011-இல் ஆசிய நாடுகளின் 11 லட்சம் பேரை வைத்துச் செய்த ஆய்விலும், கிழக்கு ஆசியர்களிடம் கூடிய எடையோடு மரணமும் கூடியது, இந்தியர்களிடமும் வங்கதேசத்தவரிடமும் கூடவில்லை. இங்கும் மெலிந்தவர்களே அதிகம் இறந்தார்கள்.

அப்படியானால் தொப்பை தீங்கற்றதா? ஆய்வாளர்கள் அப்படிச் சொல்லவில்லை. சராசரிக்குக் குறைந்த எடையோடு கூடவே வரும் வேறு ஏதோ ஒன்று, இதய மரணத்தைக் கூட்டுகிறது. அது எதுவென்று கண்டறிவது நோய்த்தடுப்புக்கு உதவும் என்பதே அவர்கள் முடிவு. அந்த ‘வேறு ஏதோ’ என்னவாக இருக்கலாம் என்று ஊகிக்க 1990-களின் இறுதியில் இருந்த சென்னையை நினைத்தால் போதும். எடை கூடியவர்களில் பலர் வசதியானவர்கள். நெஞ்சு வலித்தால் ஆட்டோ பிடித்து இதய மருத்துவமனைக்குப் போகக் கூடியவர்கள். ஒல்லியாக இருந்தவர்களில் பலர் கூலி வேலை பார்த்தவர்கள், பீடி பிடித்தவர்கள், சின்ன வயதில் சத்தான சாப்பாடு பார்க்காதவர்கள். எடையை அளந்தபோது அவர்களுடைய வறுமையும் சேர்ந்தே தராசில் ஏறியிருக்கும்.

தமிழ்நாட்டில் மெலிவின் ஆபத்து இன்றும் பழங்கதை ஆகவில்லை. 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் கண்டறியப்பட்டவுடன் பார்க்கப்படுகிற முதல் அளவுகளில் பி.எம்.ஐ.யும் ஒன்று. 14-ஓ அதற்குக் கீழோ இருந்தால் அவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது, மருத்துவமனையில் சேர்த்தாக வேண்டிய நிலை என்று பொருள். சுகாதார நிலையத்தின் ஒரே தராசில் காலையில் இப்படி ஒருவரும், சர்க்கரை நோய்க்கு வந்த 90 கிலோக்காரர் ஒருவரும் அடுத்தடுத்து ஏறி இறங்குகிறார்கள். நாட்டின் மரணக் கணக்கில் எடையின் பங்கைத் தேடுகிறவர்களின் சிக்கலும் அந்தத் தராசில்தான் இருக்கிறது.

ஒல்லி உடம்பில் ஒளிந்த கொழுப்பு

இரண்டாவது சிக்கல், பி.எம்.ஐ. என்னும் அளவுகோலிலேயே உள்ளது. கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் இந்தச் சூத்திரம் 1830-களில் பெல்ஜியம் நாட்டுக் கணிதர் அடால்ஃப் கெத்லேயின் ஆராய்ச்சியில் பிறந்தது. ‘சராசரி மனிதன்’ எப்படி இருப்பான் என்று அறிவதே அவருடைய நோக்கம். எந்த நோயாளியையும் அவர் மனதில் வைக்கவில்லை. 1972-இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் இன்றைய பெயரைச் சூட்டிப் பரிந்துரைத்த பிறகே மருத்துவ உலகில் பரவியது. எலும்பு, தசை, கொழுப்பு எல்லாமே அதற்கு ஒரே கிலோதான்.

இந்த அளவுகோலின் குருட்டுத்தனத்தை இரண்டு மருத்துவர்கள் தங்கள் உடம்பை வைத்தே காட்டினார்கள். புணே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யட்கினும் ஒன்றாக நின்று எடுத்த படம் 2004-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ. அச்சடித்தாற்போல் 22.3. ஆனால் உடல் கொழுப்பு யட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. யட்கின் மாரத்தான் ஓடுபவர், யாஜ்னிக்கின் பிரதான உடற்பயிற்சி லிஃப்டைப் பிடிக்க ஓடுவது என்பதுபோல் வேடிக்கையாகவும் அதில் எழுதியிருந்தார்கள். வேடிக்கைக்குப் பின்னால் யாஜ்னிக்கின் பல ஆண்டு உழைப்பு இருந்தது. புணே சுற்றுவட்டாரக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. எடையும் தசையும் இவ்வளவு குறைந்த இந்தியக் குழந்தைகளுக்கு, முதுகுத் தோலுக்கடியில் இருந்த கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. ஒல்லியாகப் பிறந்து கொழுப்போடு வளரும் உடம்பு இது.

தொடையில் சேரும் கொழுப்பு பெரும்பாலும் சும்மா கிடக்கும். வயிற்றுக்குள், குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு அப்படியில்லை. அதிலிருந்து கசியும் கொழுப்பமிலங்கள் கல்லீரலுக்கு நேரே போகின்றன. கல்லீரலில் கொழுப்பு படிகிறது. இன்சுலின் சொன்ன பேச்சை உடம்பு கேட்பதில்லை. சர்க்கரை ஏறுகிறது, கெட்ட கொழுப்பு ஏறுகிறது, ரத்தக் குழாயின் உட்சுவர் தடிக்கிறது. கடைசியில் படிவம் 4-இல் எழுதப்படுவது இந்தச் சங்கிலியின் வால்.

அதனால்தான் 2004-இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, ஆசியர்களுக்கு 23-லிருந்தே எச்சரிக்கை தேவை என்றது. இந்திய மருத்துவர்களின் 2009 கூட்டறிக்கை இன்னும் ஒருபடி போய், 25-ஐத் தொட்டாலே பருமன் என்று கோடு கிழித்தது. இங்கிலாந்தில் 14 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2021-இல் வந்த ஆய்வு இதைத் துல்லியமாக்கியது. வெள்ளையர் ஒருவருக்கு பி.எம்.ஐ. 30-இல் வருகிற சர்க்கரை நோய் ஆபத்து, தெற்காசியருக்கு 23.9-இலேயே வந்துவிடுகிறது. 165 சென்டிமீட்டர் உயரம் உள்ள இருவரை எடுத்துக்கொண்டால், வெள்ளையர் சுமார் 82 கிலோவில் தொடும் ஆபத்தை லண்டன் தமிழர் 65 கிலோவில் தொட்டுவிடுவார். 65 கிலோக்காரரைப் பார்த்து, “கொஞ்சம் சதை போடுப்பா” என்றுதான் அவர் வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

தராசை விட்டு நாடாவுக்கு

கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் இதயநோய் நிபுணர் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு, இந்த விவகாரத்தில் ஒரு திருப்பம். மாரடைப்பு வந்த 12,000-க்கும் மேற்பட்டவர்களையும் வராத 14,000-க்கும் மேற்பட்டவர்களையும் அது ஒப்பிட்டது. பி.எம்.ஐ.யை வைத்துக் கணக்கிட்டபோது, மாரடைப்புகளில் 7.7 விழுக்காடு கூடுதல் எடையின் பற்றில் வந்தது. வயிற்றுச் சுற்றளவை இடுப்புச் சுற்றளவால் வகுத்த விகிதத்தை வைத்துக் கணக்கிட்டபோது அதுவே 24.3 விழுக்காடாக உயர்ந்தது. ஆட்கள் அதே ஆட்கள், நோய் அதே நோய். தராசை ஓரமாக வைத்துவிட்டு நாடாவை எடுத்ததும் எடையின் பங்கு மூன்று மடங்கு ஆகிவிட்டது.

நாடா என்றால் தையற்காரர் கழுத்தில் தொங்குமே, அதுதான். அளக்கிற இடம்தான் முக்கியம். நம்மில் பலர் கால்சட்டையைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டிக்கொண்டு, “எனக்கு எப்போதும் 34 சைஸ்தான்” என்று நிம்மதியாக இருக்கிறோம். கல்லூரியில் படித்தபோதும் அதே 34! மருத்துவர் அளக்கும் இடம் அதற்கு மேலே, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில். மூச்சை எக்கிப் பிடிக்காமல் இயல்பாக வெளியே விட்ட பிறகு நாடாவைச் சுற்ற வேண்டும். கடையில் 34 அங்குலம் வாங்குகிறவருக்கு அங்கே 40 காட்டினால் வியப்பில்லை. இந்திய ஆண்களுக்கு எச்சரிக்கைக் கோடு 90 சென்டிமீட்டர், ஏறத்தாழ 35 1/2 அங்குலம். பெண்களுக்கு 80 சென்டிமீட்டர்.

நாடாவை எடுத்தால் நாட்டின் படமும் மாறுகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் பி.எம்.ஐ. 25-ஐத் தொட்ட பெண்கள் 24 விழுக்காடு, ஆண்கள் 22.9 விழுக்காடு. அதே ஆய்வு வயிறு-இடுப்பு விகிதத்தையும் முதல்முறையாக அளந்தது. பெண்களில் 57 விழுக்காட்டினரும் ஆண்களில் 48 விழுக்காட்டினரும் அந்த விகிதத்துக்கான கோட்டைத் தாண்டியிருந்தார்கள். தராசு நான்கில் ஒருவரைப் பிடிக்கிற இடத்தில் நாடா இரண்டில் ஒருவரைப் பிடிக்கிறது.

சென்னையின் நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு எல்லா மாநிலங்களிலும் 1,13,043 பேரிடம் நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. வயிற்றுப் பருமன் 39.5 விழுக்காடு, ரத்தக் கொதிப்பு 35.5 விழுக்காடு, சர்க்கரை நோய் 11.4 விழுக்காடு. அதாவது 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை. இன்னும் 13.6 கோடிப் பேர் வாசற்படியில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டின் வேகம் தனி. 2015-16-இல் 30.9 விழுக்காடாக இருந்த எடை கூடிய பெண்கள், ஐந்தே ஆண்டுகளில் 40.4 விழுக்காடு ஆனார்கள். ஆண்கள் 28.2-லிருந்து 37 விழுக்காடு. குடும்பநல ஆய்வு இவர்களை ‘கூடுதல் எடை அல்லது பருமன்’ என்று மென்மையாகச் சொல்கிறது. 2009-இல் இந்திய மருத்துவர்கள் வகுத்த கோட்டின்படி இவர்கள் அனைவரும் பருமனானவர்களே.

மரணத்தின் நிறமும் மாறிவிட்டது. இந்தியாவின் மொத்த மரணங்களில் தொற்றா நோய்களின் பங்கு 1990-இல் 37.9 விழுக்காடு, 2016-இல் 61.8 விழுக்காடு. சென்னை ஆய்வில் சேர்ந்தவர்கள் 1998-இல் ஏறிய தராசில் நின்ற ஊர் வேறு. இன்று அதே தராசில் நிற்கும் ஊர் வேறு. காசநோயும் பசியும் அடக்கிவைத்திருந்த கணக்கு, அவை விலக விலக மேலே வரும். அந்த ஆய்வின் முடிவை வைத்துக்கொண்டு, தொப்பையைத் தடவி நிம்மதி அடைய இடமில்லை.

எடை இறங்கினால் ஆயுள் ஏறுமா?

கூடுதல் எடையால் மரணம் என்று எழுதிவிட்டால், எடையைக் குறைத்தால் மரணம் குறைய வேண்டும். இதற்கான சாட்சியம் நேர்கோட்டில் போகவில்லை. சுவீடனில் மிகப் பருமனான 2,010 பேர் இரைப்பை அறுவை செய்துகொண்டார்கள். செய்துகொள்ளாத 2,037 பேரோடு அவர்களை ஒப்பிட்டார்கள். சராசரியாக 11 ஆண்டுகளில் முதல் குழுவில் 101 பேரும் இரண்டாவது குழுவில் 129 பேரும் இறந்தார்கள். வேறுபாடு தெளிவு. ஆனால் அமெரிக்காவில் சர்க்கரை நோயும் கூடுதல் எடையும் உள்ள 5,145 பேரில் பாதிப்பேருக்கு உணவு, உடற்பயிற்சி மூலம் எடை குறைக்கத் தீவிரப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ‘லுக் அஹெட்’ ஆய்வு, ஏறக்குறைய 10 ஆண்டுகளுக்குப் பிறகும் மாரடைப்பும் இதய மரணமும் குறையாததால் 2012-இல் நிறுத்தப்பட்டது. எடை குறைந்தது, சர்க்கரை கட்டுக்குள் வந்தது, மரணக் கணக்கு மட்டும் அசையவில்லை.

எடை குறைக்கும் செமாக்ளூடைட் ஊசியைப் பற்றி 2023-இல் வந்த ஆய்வு மீண்டும் நம்பிக்கை தந்தது. ஏற்கெனவே இதய நோய் கண்ட, சர்க்கரை இல்லாத 17,604 பேரில், ஊசி போட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்ந்து 6.5 விழுக்காடு, வெறும் ஊசி போட்டவர்களுக்கு 8 விழுக்காடு. எடைக் குறைப்புக்கென்றே இந்த வகை ஊசிகள் 2025-இல் இந்தியக் கடைகளுக்கு வந்துவிட்டன. கடைக்கு வந்தபோது மாதம் பல ஆயிரம் ரூபாய் கேட்ட மருந்தைக் கொண்டு நாற்பது விழுக்காடு மக்களின் வயிற்றைக் குறைப்பது எந்த அரசாலும் ஆகிற காரியம் இல்லை.

ஆகிற காரியம் ஒன்றைச் சென்னை முன்பே காட்டியது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து 2006-இல் முடிவை வெளியிட்டது. வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை வந்தது. தினமும் நடக்கவும், சோறையும் சர்க்கரையையும் எண்ணெயையும் குறைக்கவும் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் 39.3 விழுக்காட்டினருக்கே வந்தது. இதில் கவனிக்க வேண்டியது, இந்தக் குழுவின் சராசரி எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை என்பது. தராசு முள் அசையாமலே நோய் தள்ளிப்போனது. ‘மூன்று மாதமாக நடக்கிறேன், ஒரு கிலோகூடக் குறையவில்லை’ என்று நடையை நிறுத்துகிறவர்கள் படிக்க வேண்டிய ஆய்வு.

சந்திக்காத இரண்டு தாள்கள்

30 வயதைக் கடந்தவர்களுக்கான தேசியத் தொற்றா நோய்ப் பரிசோதனைத் திட்டத்தில், ஆஷா பணியாளர்கள் வீடு வீடாகப் போய் நிரப்பும் மதிப்பீட்டுத் தாள் ஒன்று உண்டு. வயது, புகையிலை, மது, உடலுழைப்பு, குடும்பத்தில் நோய் ஆகியவற்றோடு அதில் வயிற்றுச் சுற்றளவுக்கும் ஒரு வரி இருக்கிறது. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் வரை மதிப்பெண் இல்லை, 100 வரை ஒன்று, அதற்கு மேல் இரண்டு. பெண்களுக்கு 80 வரை இல்லை, 90 வரை ஒன்று, அதற்கு மேல் இரண்டு. மொத்தம் 4-ஐத் தாண்டினால் முதலில் பரிசோதிக்கப்பட வேண்டியவர். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. ஆக, உயிரோடு இருக்கிறவரின் வயிறு, சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் குறித்துக்கொள்ளும் ஏற்பாடு நாட்டில் இருக்கிறது. அவர் இறந்தால் எழுதப்படும் படிவம் 2-உம் படிவம் 4-உம் வேறோர் அலமாரிக்குப் போகின்றன.

சென்னை ஆய்வாளர்கள் 5 லட்சம் பேருக்குப் பதினைந்து ஆண்டு அலைந்து செய்தது, இந்த இரண்டு தாள்களையும் பொருத்தியதைத்தான். அந்தரங்கத்துக்கு உரிய பாதுகாப்போடு அரசே இதைச் செய்தால், இந்தியாவில் கூடுதல் எடை எத்தனை பேரைக் கொல்கிறது என்பதற்கு ஐரோப்பிய, அமெரிக்க உடம்புகளிலிருந்து கடன் வாங்காத விடை கிடைக்கும். மெலிவு எத்தனை பேரைக் கொல்கிறது என்பதும் அதே கணக்கில் தெரியவரும்.

அதுவரை, பருமனால் ஆண்டுக்கு இத்தனை லட்சம் மரணம் என்ற செய்தியைப் படிக்கும் வாசகர் இரண்டு விஷயங்களைத் தேடிப் பார்க்கலாம்: அவர்கள் தராசை வைத்து அளந்தார்களா, நாடாவை வைத்து அளந்தார்களா? ஒப்பிட்டது யாருடைய உடம்போடு? செய்தியை மடித்து வைத்துவிட்டு, வீட்டிலுள்ள தையல் நாடாவை எடுத்து விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவில் ஒருமுறை சுற்றிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் ஆகும்.